தடுப்பாட்டம் கால்களில் தொடங்குகிறது

2021 ஜூலை 17. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம் கடைசி விநாடிகளை எட்டியிருந்தது. மில்வாக்கி பக்ஸ் அணி ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் டெவின் புக்கர் பந்துடன் கூடையை நோக்கிப் பாய்ந்தார். அடுத்த கணம் மில்வாக்கியின் ஜ்ரூ ஹாலிடே அவருடைய கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு எதிர்ப்புறம் ஓடினார். அவர் உயர்த்தி வீசிய பந்தை யானிஸ் அண்டெடோகும்போ அந்தரத்திலேயே பிடித்துக் கூடைக்குள் திணித்தார். 123-119 என்ற கணக்கில் மில்வாக்கி வென்றது. அடுத்த ஆட்டத்திலும் வென்று, 50 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையைக் கைப்பற்றியது.

அந்தப் பறிப்பைக் கூடைப்பந்து ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு விநாடிகளைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. புக்கரை எதிர்கொண்டு நின்றவர் ஹாலிடே அல்லர், பி.ஜே. டக்கர். அவர் புக்கருக்கும் கூடைக்கும் நடுவே தம் மார்பை நிறுத்தி வைத்திருந்தார். நேராகச் செல்ல வழியில்லாமல் புக்கர் நின்று திரும்பினார். திரும்பிய இடத்தில் ஹாலிடே இருந்தார். புள்ளிவிவரத் தாளில் பந்தைப் பறித்த பெருமை ஹாலிடேயின் பெயரில் பதிவானது. டக்கர் செய்த வேலையைக் குறிக்க அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

பந்தை வைத்திருப்பவரை நேருக்கு நேர் தடுக்கும் அந்த வேலைதான் கூடைப்பந்தில் மிக மோசமாகக் கற்பிக்கப்படும் திறன் என்று பள்ளிப் போட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்குத் தோன்றுகிறது. பந்தைக் கூடைக்குள் எறிவதைக் கற்றுத்தர முறையான படிகள் இருக்கின்றன. முழங்கை எங்கே இருக்க வேண்டும், மணிக்கட்டு எப்படி மடங்க வேண்டும் என்று சிறுவர்களே விளக்குவார்கள். தடுப்பதைப் பற்றிக் கேட்டால், ‘விடக் கூடாது’, ‘உயிரைக் கொடுத்து ஆட வேண்டும்’ என்பதற்கு மேல் பதில் வராது. திறனாகக் கருத வேண்டியதைக் குணமாகக் கருதிவிட்டோம்.

மாவட்ட அளவிலான ஒரு போட்டியில் கண்ட காட்சி மனத்தில் நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எதிரணியின் சிறந்த வீராங்கனையைத் தடுக்கும் பொறுப்பில் இருந்தாள். எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்றுநர் விடாமல் கத்திக்கொண்டிருந்தார்: “கையப் போடு! பிடுங்கு, பிடுங்கு!” அவள் சொன்னதைச் செய்தாள். மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் ஐந்து ஃபவுல்கள் சேர்ந்து, ஆட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்டாள். பெஞ்சில் வந்து அமர்ந்தவளிடம் அதே பயிற்றுநர், “உனக்கு நிதானமே கிடையாது” என்றார். அந்தச் சிறுமிக்கு நிதானம் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கு யாரும் கால்களைப் பயன்படுத்தக் கற்றுத்தரவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இந்த வேலை ஏன் இவ்வளவு கடினமானது என்பதற்கான விடை ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அவர் எழுதிய 13 விதிகளின்படி, பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடக் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். தோளால் இடிப்பது, பிடித்து நிறுத்துவது, தள்ளுவது, இடறிவிடுவது, அடிப்பது ஆகியவை குற்றங்கள். இரண்டாம் முறை குற்றம் செய்தவர் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். பந்தாளியும் ஓட முடியாது, எதிராளியும் தொட முடியாது என்பதால் இருவருக்கும் கட்டுப்பாடு சமமாக இருந்தது.

பிறகு ஆட்டக்காரர்கள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும் உத்தியைக் கண்டுபிடித்தார்கள். விதிகளும் அதை ஏற்றுக்கொண்டன. அன்று குலைந்தது அந்தச் சமநிலை. பந்தாளிக்கு ஓடும் உரிமை கிடைத்தது. தடுப்பவருக்குத் தொடும் உரிமை கிடைக்கவில்லை. எந்தத் திசையில் போகப்போகிறோம் என்பது பந்தாளிக்கு முன்பே தெரியும். தடுப்பவர் அதைப் பார்த்த பிறகே நகர வேண்டும். இந்தப் பாதகத்தைக் கைகளால் ஈடுகட்ட முயன்ற தலைமுறைகள் உண்டு. எதிராளியின் இடுப்பில் கை வைத்து அவரது வேகத்தை மட்டுப்படுத்துவது என்.பி.ஏ. ஆட்டங்களில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2004-05 பருவத்திலிருந்து நடுவர்கள் அதைக் கண்டிப்புடன் தண்டிக்கத் தொடங்கிய பிறகு, கையை நம்பியவர்கள் திணறினார்கள்.

விதிகள் தடுப்பவருக்கு ஒன்றுமே தரவில்லை என்று நினைக்க வேண்டாம். சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதிகளைப் படித்தால், பெற்றோர் மட்டுமல்ல, சில பயிற்றுநர்களும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒரு செய்தி கிடைக்கும். தடுப்பவர் அசையாமல் நின்றால்தான் மோதலுக்கு அவர் பொறுப்பாக மாட்டார் என்பது பரவலான நம்பிக்கை. விதி அப்படிச் சொல்லவில்லை. எதிராளியை முகம்பார்த்து, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றியவுடன் அவர் முறையான தடுப்பு நிலையை அடைந்துவிடுகிறார். அதைத் தக்கவைத்துக்கொள்ளப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நகரலாம். அவ்வாறு நகர்ந்து இடத்தை முதலில் அடைந்தவரின் மார்பில் பந்தாளி வந்து மோதினால், குற்றம் பந்தாளியுடையது. பந்து இல்லாத ஒருவரைத் தடுக்கும்போது அவர் நின்று திசை மாறுவதற்கு நேரமும் தூரமும் விட வேண்டும். பந்தாளிக்கு அந்தச் சலுகை கிடையாது. பந்து கையில் இருக்கும்வரை எந்தக் கணமும் தடுக்கப்படலாம் என்று எதிர்பார்த்திருக்க வேண்டியது அவருடைய கடமை.

ஆக, விதி மார்புக்குப் பாதுகாப்பு தருகிறது. நீண்ட கைக்கும் துருத்திய இடுப்புக்கும் முழங்காலுக்கும் தரவில்லை. மார்பை உரிய இடத்துக்குக் கொண்டுசெல்லும் வாகனம் கால்கள்தான். தடுப்பாட்டப் பாடம் அங்கேதான் தொடங்க வேண்டும். சிலம்பம் கற்பிக்கும் ஆசான்கள் கம்பைக் கையில் கொடுக்கும் முன் காலடி பழக்குவதன் நியாயமும் இதுவே.

கால்கள் தோள் அகலத்தைவிடச் சற்று விரிந்திருக்க வேண்டும். முதுகை வளைத்துக் குனியாமல், நாற்காலியில் அமரப்போவதுபோல் இடுப்பைத் தாழ்த்த வேண்டும். உடலின் பாரம் குதிகாலில் இறங்காமல் முன்பாதத்தில் இருக்க வேண்டும். இவ்வளவும் பெரும்பாலான பயிற்றுநர்கள் சொல்வதுதான். சொல்லாமல் விடுவது முதல் அடியைப் பற்றி. இடப்பக்கம் நகர வேண்டுமானால், வலக்கால் தரையை அழுத்தித் தள்ள வேண்டும்; அந்தத் தள்ளலில் இடக்கால் விலகி இடம்பிடிக்க வேண்டும். பயிற்சி இல்லாத சிறுவர்கள் இடக்காலை மட்டும் நீட்டி வைப்பார்கள். பாரம் பின்னாலேயே தங்கிவிடும். பிறகு வலக்காலை இழுத்து இடக்காலோடு ஒட்டவைப்பார்கள். இரண்டு பாதங்களும் ஒட்டிய அந்தக் கணத்துக்காகத்தான் தேர்ந்த பந்தாளி காத்திருக்கிறார். அவர் எதிர்த் திசையில் ஒரே ஒரு தட்டுத் தட்டினால் போதும், தடுப்பவர் சிலையாகிவிடுவார்.

‘கால்களைக் குறுக்கே வைக்காதே’ என்பது பழைய கட்டளை. முதல் இரண்டு அடிகளுக்கு அது சரி. பந்தாளி தோளைக் கடந்துவிட்ட பிறகும் பக்கவாட்டிலேயே சறுக்கிக்கொண்டிருந்தால் யாராலும் எட்டிப்பிடிக்க முடியாது. அப்போது திரும்பி ஓடி, பந்தாளி போகப்போகும் இடத்துக்கு முன்னால் சென்று, மீண்டும் மார்பைக் காட்டி நிற்க வேண்டும். தோற்ற பிறகு மீள்வதும் கற்பிக்கப்பட வேண்டிய பாடம். எவ்வளவு தேர்ந்த தடுப்பாளரும் ஓர் ஆட்டத்தில் பலமுறை கடக்கப்படுவார்.

அடுத்தது தூரம். கையை நீட்டினால் எதிராளியைத் தொடக்கூடிய தொலைவு என்பது பொதுக் கணக்கு. எதிரில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து அது மாறும். வேகமானவருக்கு அரை அடி கூடுதலாக விட வேண்டும். தூரத்திலிருந்து குறிதவறாமல் எறிபவருக்கு அந்த அரை அடியைக் கொடுக்கக் கூடாது. கபடியில் ரைடர் உள்ளே வந்ததும் முந்திப் பாய்பவர் புள்ளியைக் கொடுத்துவிட்டு வெளியேறுவதை நாம் பார்த்திருக்கிறோம். தூரத்தை அளந்தபடி காத்திருக்கும் பொறுமை இங்கேயும் தேவை.

கண் எங்கே இருக்க வேண்டும்? பந்தைப் பார்த்தால் ஏமாறுவோம். முகத்தைப் பார்த்தால் அதைவிட விரைவில் ஏமாறுவோம். தலை, தோள், பந்து மூன்றும் ஒரு திசையில் ஆடிவிட்டு வேறு திசையில் போக முடியும். இடுப்பால் அது இயலாது. இடுப்பு போகும் திசையில்தான் ஆள் போவார். இதை முதன்முதலாகக் கேட்கும் சிறுவர்கள், ஏதோ ரகசியம் தெரிந்துகொண்டவர்கள்போல் சிரிப்பார்கள்.

கைகள் கடைசியாக வருகின்றன. உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, ஒரு கை பந்தின் உயரத்தைத் தொடர வேண்டும். மற்றொன்று பந்து கடத்தப்படும் பாதையில் விரிந்திருக்க வேண்டும். தட்டுவதானால் கீழிருந்து மேலே. மேலிருந்து கீழே வெட்டும் கை பந்தையே தொட்டாலும் நடுவரின் கண்ணுக்கு அடியாகத் தெரியும். தொடர்ந்து வரும் முன்கை பல வேளைகளில் உண்மையிலேயே எதிராளியின் கையில் படும். ஒரு கால்பகுதியில் ஓர் அணி நான்கு ஃபவுல்களைத் தாண்டிவிட்டால், அதன்பின் ஒவ்வொரு தடுப்பு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். பந்தைப் பறிக்கும் ஆசை ஒருவரோடு நிற்பதில்லை; அதன் கடனை ஐவரும் சேர்ந்து அடைக்கிறார்கள்.

உண்மையில் பந்தைப் பறிக்க வேண்டிய தேவை அதிகம் இல்லை. எதிரணிக்கு இருப்பது 24 விநாடிகள். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளத்தில், பந்தாளியை நடுப்பகுதியிலிருந்து விலக்கிப் பக்கக் கோட்டை நோக்கித் திருப்பிவிட்டால், அந்தக் கோடே ஆறாவது ஆட்டக்காரராக நிற்கும். அவர் விரும்பிய இடத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, விரும்பிய நேரத்துக்கு ஐந்து விநாடி தாமதமாகத் தாக்குதலைத் தொடங்கவைத்தால், தடுப்பவர் தம் வேலையைச் செய்து முடித்துவிட்டார் என்றே பொருள். பந்தைத் தட்டாமல் கையில் பிடித்திருப்பவரை ஒரு மீட்டருக்குள் நெருங்கித் தடுத்தால், ஐந்து விநாடிக்குள் அவர் ஏதாவது செய்தாக வேண்டும். இல்லையெனில் பந்து கைமாறும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் பயிற்றுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நடுவே விட்டால் இருபுறமும் பந்து கடத்தலாம் என்று அஞ்சுபவர்கள் ஒருபுறம். அடிக்கோட்டுப் பக்கம் விட்டால் கூடைக்கு அருகே வழி திறக்கும் என்று அஞ்சுபவர்கள் மறுபுறம். டிக் பென்னட் வகுத்த முறையில், ஒருவர் பந்தாளியை நெருக்க, மற்ற நால்வரும் கூடையைச் சுற்றிய கற்பனை வளைவுக்குள் உதவிக்குக் காத்திருப்பார்கள். அவருடைய மகன் டோனி பென்னட் அதே முறையைக் கொண்டு விர்ஜீனியா பல்கலைக்கழகத்தை 2019இல் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியனாக்கினார். எந்த முறையானாலும் வெல்லும், ஐவருக்கும் அது ஒன்றாகத் தெரிந்திருந்தால். பந்தாளியை வலப்பக்கம் திருப்பிவிடும்போது, உதவிக்கு வர வேண்டியவர் இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தால் சிறந்த காலடியும் வீண்.

இவற்றை எப்படிக் கற்பிப்பது? இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாலை வேளைகளில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, எனக்குக் கற்றுத்தரப்பட்டதையே நானும் செய்தேன். தாமதமாக வந்தவர்களைத் தடுப்பு நிலையில் இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கவைப்பேன். மற்றவர்களை வரிசையாக ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குறுக்கும் நெடுக்குமாகச் சறுக்கவைப்பேன். தொடைகள் எரிந்தன. வரிசை அழகாக இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் கடக்கப்பட்டார்கள்.

காரணம் எளியது. எதிரில் ஆள் இல்லாமல் செய்யும் சறுக்கலில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. எங்கே திரும்ப வேண்டும் என்பது முன்பே தெரியும். தடுப்பாட்டத்தின் சாரமோ தெரியாத ஒன்றைப் பார்த்து முடிவெடுப்பதில் இருக்கிறது. தண்டனையாகப் பயன்படுத்தியதால் இன்னொரு கேடும் விளைந்தது: அந்த நிலையையே பிள்ளைகள் வெறுக்கத் தொடங்கினார்கள்.

பிறகு சாக்கட்டியால் நான்கு மீட்டர் அகலத்தில் ஒரு நீண்ட சந்து வரைந்தோம். ஒருவர் பந்துடன் அதன் மறுமுனையை அடைய வேண்டும். மற்றவர் தடுக்க வேண்டும். முதல் வாரம் தடுப்பவரின் இரு கைகளிலும் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து, கழுத்தின் இருபுறமும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கை பறிபோனதும் கால் விழித்துக்கொண்டது. பந்தாளி கோட்டைத் தாண்டினாலோ, இரண்டு முறை திசை மாறி நின்றாலோ தடுப்பவருக்குப் புள்ளி. ஒவ்வொரு சுற்றும் எட்டு, பத்து விநாடிகள்தாம், பிறகு ஓய்வு. களைத்துப்போன கால்கள் தவறான அடியையே பழகிக்கொள்ளும். அடுத்த கட்டத்தில் தடுப்பவரை நான்கைந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, பந்து கைக்கு வந்தவுடன் ஓடிவந்து நெருங்கச் சொன்னோம். முழு வேகத்தில் வந்தால் அவரைக் கடப்பது எளிது. தயங்கி நின்றால் எறிந்துவிடுவார்கள். பாதி தூரம் ஓடி, மீதியைச் சிறு சிறு அடிகளாகக் குறைத்து, ஒரு கையை உயர்த்தி வந்து நிற்பதைச் சொல்லிக்கொடுப்பதைவிட, நாலு முறை ஏமாந்த பிறகு அவர்களே கண்டுகொண்டார்கள். அதன்பின் இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர். நான் பேசியது குறைந்தது. அவர்கள் ஆடியது கூடியது.

திடீரென நின்று திரும்பும் இந்த ஆட்டத்தில் முழங்கால் தசைநார் காயங்கள் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் ஏற்படுகின்றன என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் மடங்காமல் இறங்கவும், இடுப்பைத் தாழ்த்தி நிற்கவும் பயிற்சி தருவது அந்த அபாயத்தைக் குறைக்கிறது. சிமென்ட் தரையில், தேய்ந்த காலணியுடன் ஆடும் மாணவிகளுக்கு இந்தப் பத்து நிமிடங்களை மறுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பயிற்றுநரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. போட்டிகளை நடத்துவோருக்கும் பங்குண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுவர்களில் பெரும்பாலோரால் தூரத்திலிருந்து எறிய முடியாது. ஆகவே ஐவரையும் கூடைக்கு முன்னால் நிறுத்தும் மண்டலத் தடுப்பு அந்த வயதில் எளிதாகக் கோப்பையைத் தரும். அந்த அணியில் ஆடியவர், பதினேழு வயதில் ஒருவரை ஒருவர் தடுக்க வேண்டிய ஆட்டத்துக்கு வரும்போது, கால்கள் எழுத்தறியாமல் நிற்கும். ஜப்பான் கூடைப்பந்துச் சங்கம் 15 வயதுக்கு உட்பட்டோரின் போட்டிகளில் மண்டலத் தடுப்பை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் என்.பி.ஏ.வும் தேசியக் கூடைப்பந்து அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட இளையோர் வழிகாட்டுதல்களும் 11 வயதுவரை ஆளுக்கு ஆள் தடுப்பையே பரிந்துரைக்கின்றன. நம் பள்ளிப் போட்டிகளிலும் 14 வயதுவரை இதை விதியாக்கலாம். பணச் செலவு எதுவும் இல்லை.

இது நம்மால் முடியாத ஒன்றல்ல. ஸ்பிரிங்ஃபீல்டு மரபைச் சென்னைக்குக் கொண்டுவந்த ஹாரி குரோ பக், 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியர்களில் பல தலைமுறையினர் அங்கிருந்து வந்தவர்கள். இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை சென்னையைச் சேர்ந்தவர். 2014இல் வூஹானில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய ஆடவர் அணி, சீனாவை அதன் சொந்த மண்ணில் 65-58 என்று வீழ்த்தியது. அந்த வெற்றியைப் பேசுவோர் 65ஐப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு 58 என்ற எண்தான் வியப்பளிக்கிறது.

எங்கள் பயிற்சியில் இறுதியாக ஒரு மாற்றம் செய்தோம். மதிப்பெண் எழுதும் நோட்டில் யார் எத்தனை கூடை போட்டார் என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, பந்தாளியை யார் எத்தனை முறை நின்று திரும்பவைத்தார் என்று குறித்தோம். அணியிலேயே உயரம் குறைந்த, கூடை போடுவதில் கடைசி இடத்தில் இருந்த ஒரு பெண், அந்தக் கட்டத்தில் மூன்று வாரம் தொடர்ந்து முதலிடம் பிடித்தாள். நான்காவது வாரம் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பே வந்து, அழிந்துபோயிருந்த சாக்கட்டிக் கோடுகளைத் தானே மறுபடி வரைந்துகொண்டிருந்தாள்.